பொறையும் சர்க்கரையும் ஒரு தடுப்புச் சுவரும்

"காம்பவுண்டு சுவர்தான் நிக்குதேண்ணே. அதுக்கு உள்பக்கமா மூணடி மண்ணைக் கொட்டிட்டா தோட்டம் ரெடி. தனியா இன்னொரு சுவர் எதுக்கு?"

நண்பர் இப்படிக் கேட்டபோது நாங்கள் எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். எதிரே சாலை, அதற்கப்பால் கருங்கல் குவியல், அதற்கப்பால் கடல். நண்பர் எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீடு திருவொற்றியூர் காலடிப்பேட்டைப் பக்கம். அந்த வீட்டைக் கட்டிய காலத்தில் தெருவிலிருந்து மூன்று படி ஏறி உள்ளே போக வேண்டும். தெருவுக்குச் சாலை போடப் போட ஒவ்வொரு படியாக மண்ணுக்குள் போனது. இப்போது வாசலில் ஒரு படி இறங்கித்தான் உள்ளே போகிறோம். பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று 2021-இல் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு உத்தரவு அனுப்பினார். நல்ல உத்தரவு. ஆனால் இவர் வீட்டுப் படிகள் அதற்கு முன்பே புதைந்துவிட்டன.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கொல்லைப்புறத்தில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. கறிவேப்பிலை அழுகியது, வாழை சாய்ந்தது. அதனால் பின்பக்கம் முழுவதையும் மூன்றடி உயர்த்திவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார். சவுடு மண் எத்தனை லோடு வேண்டும் என்று கணக்குப் போட்டுவிட்டார். மண்ணைத் தாங்கப் போவது எது என்பதுதான் பாக்கி. காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சந்து. சாயங்காலம் பிள்ளைகள் விளையாடும் இடம்.

நான் மாஸ்டரிடம் ஒரு தட்டில் கொஞ்சம் சர்க்கரையும் இரண்டு பொறையும் கேட்டு வாங்கினேன்.

சர்க்கரையைத் தட்டில் கொட்டினால் அது குவியலாக நிற்கும். எவ்வளவு கொட்டினாலும் அதன் சரிவு ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். அதற்கு மேல் செங்குத்தாக நிற்கச் சொன்னால் சரிந்துவிடும். மணலும் அப்படித்தான். உலர்ந்த மணல் முப்பது டிகிரி சொச்சத்தில் தானாக நிற்கும். அந்தச் சரிவை ஏற்றுக்கொண்டால் சுவரே வேண்டாம். இடம் போதாது, செங்குத்தாக நிற்க வேண்டும் என்று நாம் கேட்கும்போதுதான், சரிய முடியாமல் போன மண் ஆப்பு மாதிரி சுவரின் மேல் சாய்கிறது. குவியலை ஒட்டி ஒரு பொறையை நிறுத்தி, பின்னால் சர்க்கரையை இன்னும் கொஞ்சம் கொட்டினேன். பொறை நின்றது.

இந்த ஆப்புக் கணக்கை முதலில் ஒழுங்காகப் போட்டவர் பிரான்ஸ் நாட்டு ராணுவப் பொறியாளர் கூலோம். பிளஸ் டூ இயற்பியலில் மின்னூட்டத்துக்கு ஒரு விதி படித்தோமே, அதே கூலோம்தான். கரீபியக் கடலில் மார்த்தினிக் தீவில் கோட்டை கட்டும் வேலையில் எட்டு வருடம் கிடந்துவிட்டு ஊர் திரும்பி, 1773-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் படித்த கட்டுரையில் இதை எழுதினார். மின்சார ஆராய்ச்சியெல்லாம் அதற்கு அப்புறம். கொத்தனார்களோடு வெயிலில் நின்ற அனுபவத்தில் பிறந்த சூத்திரம் என்பதால் எனக்கு அதன் மேல் தனி மரியாதை.

"சூத்திரம் வேணாம்ண்ணே, என் சுவர் நிக்குமா நிக்காதா?" என்றார் நண்பர்.

சரி, கணக்குக்கு வசதியாக ஒரு மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றேகால் அடி. சுவரின் நீளத்திலும் ஒரு மீட்டரை மட்டும் எடுத்துக்கொள்வோம். பின்னால் இருக்கும் சாதாரண மணல் அந்த ஒரு மீட்டர் நீளச் சுவரை ஏறக்குறைய 300 கிலோ பலத்தோடு தள்ளும். மேலே அழுத்தம் குறைவு, அடியில் அதிகம். அதனால் மொத்தத் தள்ளலும் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் கை வைத்துத் தள்ளுவது போல இருக்கும். 300-ஐ மூன்றில் ஒன்றால் பெருக்கினால் 100. சுவரைக் கவிழ்க்கப் பார்க்கும் சக்தி இந்த 100.

இப்போது சுவரின் பக்கம். நம் காம்பவுண்டு சுவர் ஒன்பது அங்குலச் செங்கல் கட்டு. ஒரு மீட்டர் நீளத்துக்கு எடை சுமார் 460 கிலோ. கவிழ்வதாக இருந்தால் சந்துப் பக்கத்து அடி விளிம்பை ஊன்றிக்கொண்டுதான் கவிழும். எடை நிற்பது சுவரின் நடுவில், அதாவது அந்த விளிம்பிலிருந்து நாலரை அங்குலத்தில். பெருக்கினால் 53 வருகிறது. தள்ளுவது 100, நிறுத்துவது 53.

நண்பர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அப்போ ஊர்ல இத்தனை பேர் மண்ணைக் கொட்டி வச்சிருக்காங்களே, அதெல்லாம் எப்படி நிக்குது?"

நியாயமான கேள்வி. ஓரளவுக்கு அஸ்திவாரம் பிடித்துக்கொள்கிறது. நடுநடுவே தூண் இருந்தால் அதுவும் உதவும். பெரிய காரணம் வேறு. ஈர மணல் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். கடற்கரையில் பிள்ளைகள் மணலில் கோயில் கட்டுகிறார்களே, எப்படி நிற்கிறது? மணல் துகள்களுக்கு இடையே இருக்கும் கொஞ்சம் தண்ணீர் பசை மாதிரி வேலை செய்கிறது. சுத்தமாகக் காய்ந்தாலும் அந்தப் பசை போய்விடும். முழுக்க ஊறினாலும் போய்விடும். தை மாதத்தில் கொட்டிய மண் ஆடி வரைக்கும் சுவரைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதைப் பார்த்து, "பார், ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்லிக்கொள்கிறோம். ஐப்பசி அடைமழையில்தான் சுவருக்குப் பரீட்சை.

மீதி டீயைச் சர்க்கரைக் குவியலின் மேல் மெதுவாக ஊற்றினேன். சர்க்கரை இளகியது, பொறையின் அடி ஊறியது, ஒரு நொடி தயங்கிவிட்டு முகங்குப்புற விழுந்தது. மாஸ்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பொறை டீயில் ஊறும், செங்கல் ஊறாது என்று நண்பர் வாதிட்டார். ஆகவே மறுபடி கணக்கு. பதினெட்டு அங்குலச் சுவராகவே கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். எடையும் இரட்டிப்பு, விளிம்பிலிருந்து நடுவுக்குள்ள தூரமும் இரட்டிப்பு. ஆக நிறுத்தும் சக்தி நான்கு மடங்காகி 212. தள்ளும் 100-க்கு எதிராக இரண்டு மடங்குக்கு மேல் இருப்பு. நிம்மதியாகத் தூங்கலாம். இப்போது மழை பெய்து பின்பக்கம் உச்சி வரை தண்ணீர் தேங்குகிறது. மண்ணுக்காவது தனக்குள் உராய்வு உண்டு. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் பக்கவாட்டில் காட்டும். தண்ணீருக்கு உராய்வே கிடையாது, முழு எடையையும் பக்கவாட்டிலும் காட்டும். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர் மட்டுமே 500 கிலோ தள்ளும். அதில் மூழ்கிய மணல் தன் பங்குக்கு 165 கிலோ சேர்க்கும். மொத்தம் 665, மூன்றில் ஒன்று 222. நிறுத்துவது 212. பதினெட்டு அங்குலச் சுவரும் கவிழ்கிறது.

இத்தனை வருடத்தில் நான் பார்த்த தடுப்புச் சுவர்களில் மண் தள்ளி விழுந்தவை மிகக் குறைவு. தண்ணீர் தள்ளி விழுந்தவைதான் ஏறக்குறைய எல்லாமும். இதில் என் சுவரும் ஒன்று. எர்ணாவூரில் வீடு கட்டியபோது பக்கவாட்டில் நாலடி கருங்கல் சுவர் எழுப்பி, முறைப்படி ஓட்டைகளும் வைத்தேன். கொத்தனார்கள் வீப் ஹோல் என்பார்களே, அதுதான். முதல் மழையில் அவற்றின் வழியாகச் செம்மண் கலங்கல் வழிந்து, வெள்ளையடித்த சுவரில் கோடு கோடாக இறங்கியது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று வீட்டில் சொன்னார்கள். நானும் கலவையை வைத்து அடைத்து, மேலே பூசி, மறுபடி வெள்ளையடித்துவிட்டேன். படித்தவன் செய்கிற முட்டாள்தனம் இப்படித்தான் இருக்கும். இரண்டு மழைக்காலம் தாங்கியது. 2015 டிசம்பர் மழையில் சுவர் நாலு அங்குலம் வெளிப்பக்கம் சாய்ந்தது. விழுவதற்குள் பின்னால் இருந்த மண்ணை வாரி எடுத்துக் காப்பாற்றினோம்.

எல்லாருக்கும் அந்த அவகாசம் கிடைப்பதில்லை. மேட்டுப்பாளையம் அருகே நடூரில் 2019 டிசம்பர் 2 அன்று, மழை கொட்டிய விடியற்காலையில், சுமார் இருபது அடி உயரக் கருங்கல் சுற்றுச்சுவர் ஒன்று பக்கத்துக் குடியிருப்பின் ஓட்டு வீடுகள் மேல் விழுந்து, தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்துபோனார்கள். அத்தனை பேரும் தலித் மக்கள். அந்தச் சுவர் ஏன் அத்தனை உயரத்தில் எழுந்தது என்ற கேள்வி பொறியியலுக்கு வெளியே இருக்கிறது, அதை நான் மறக்கவில்லை. இங்கே சொல்ல வந்தது இது: சுவருக்கு உள்ளே இருப்பவனுக்கு அது தோட்டத்து எல்லை, வெளியே இருப்பவனுக்கு அது தலைக்கு மேல் நிற்கும் கல். நண்பர் சந்துப் பிள்ளைகளை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அங்கே பாருங்க" என்று சாலைக்கு எதிர்ப்பக்கம் காட்டினேன். ராயபுரத்திலிருந்து வடக்கே கடலோரமாகக் கொட்டி வைத்திருக்கும் கற்கள். இவை ஏன் வந்தன என்பது சென்னைத் துறைமுகத்தின் கதை. வருடத்தில் பெரும்பகுதி நம் கடலோர நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகிறது. 1870-களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் நீட்டினார்கள். 1881 புயல் அதைச் சிதைத்தும் விடாமல் திரும்பக் கட்டினார்கள். தெற்கே மணல் தேங்கி மெரினா அகலமானது. வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை. கடல் கரையைத் தின்றது, குப்பங்கள் பின்வாங்கின. மெரினாவில் காற்று வாங்குகிறவர்கள் காலடியில் இருப்பது எங்களுக்கு வர வேண்டிய மணல் என்று வடசென்னைக்காரன் சொன்னால் அதில் உண்மை இருக்கிறது. அந்த அரிப்பைத் தடுக்கத்தான் இந்தக் கற்களும், கடலுக்குள் நீட்டிய குறுக்குச் சுவர்களும்.

அந்தக் கற்களுக்கு நடுவே சிமெண்டு கிடையாது. இடைவெளி நிறைய. அலை வந்து மோதினால் பாதி உள்ளே புகுந்து, கற்களுக்கு நடுவே அலைந்து, சோர்ந்து திரும்புகிறது. வெளியே தெரியாதது அடியில் இருக்கிறது: பெரிய கல்லுக்குப் பின்னால் சின்னக் கல், அதற்கும் பின்னால் இன்னும் சின்னது. தண்ணீர் வெளியேறலாம், அதோடு மணல் வெளியேறக் கூடாது என்பதற்கான சல்லடை அது. அந்தச் சல்லடை சரியாக இல்லாத இடத்தில் அலை மணலை உறிஞ்சி எடுத்துவிடும், மேலே நடைபாதை பொக்கென்று உள்வாங்கும். நண்பரின் தோட்டத்துக்கும் இதே பாடம்தான். தண்ணீரை வெளியே விடு, மண்ணை உள்ளே நிறுத்து.

இனி கட்டும் விதம். காம்பவுண்டு சுவரை மறந்துவிட வேண்டும். அதிலிருந்து ஓரடியாவது தள்ளித் தனிச் சுவர். மூன்றடி உயரத்துக்கு எனக்குப் பிடித்தது கருங்கல் கட்டுதான். அடியில் அகலம் உயரத்தில் பாதிக்குக் குறையக் கூடாது. இரண்டடி என்று வைத்துக்கொண்டால் நல்லது. உச்சிக்குப் போகும்போது ஓரடி, ஒன்றேகால் அடி போதும். முன்முகம் தோட்டத்தை நோக்கிக் கொஞ்சம் சாய்ந்திருக்கட்டும், அடிக்கு ஓரங்குலம். தூக்குக்குண்டுக்கு நேராகக் கட்டிப் பழகிய கொத்தனாருக்கு இது கை வராது, கூட நின்று சொல்ல வேண்டும். அங்கங்கே சுவரின் முழு அகலத்துக்கும் குறுக்கே ஓடும் நீளக் கல் வேண்டும். இல்லாவிட்டால் சுவர் முன்தோல் பின்தோல் என்று இரண்டாகப் பிரிந்துவிடும். அஸ்திவாரம் வெளித்தரைக்குக் கீழே ஒன்றரை அடி. திருவொற்றியூரில் கடல் பக்கம் மணல், கால்வாய்ப் பக்கம் போகப் போகக் களி. களி வந்தால் இன்னும் ஆழம் போங்கள், அகலமும் கூட்டுங்கள்.

கான்கிரீட்டில் கட்டுவதானால் வடிவம் 'எல்' எழுத்து மாதிரி. கிடைப் பலகை மண்ணுக்கு அடியில் போகும். மனைப் பலகையின் மேல் ஆள் ஏறி நின்றால் பலகை நகராதில்லையா, அது போல மண்ணின் எடையே சுவரைப் பிடித்துக்கொள்ளும். புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் நம் பக்கத்துக்கு இரண்டு எச்சரிக்கை. முக்கியக் கம்பி மண் பக்கத்து முகத்தில் வர வேண்டும், இழுபடுவது அந்தப் பக்கம்தான். நடுவில் கட்டிவிட்டுப் போகிற ஆட்கள் உண்டு. இன்னொன்று உப்பு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 456. கடலோரத் தெருக்களில் போர் தண்ணீரை வாயில் வைத்தாலே கதை தெரிந்துவிடும். லாரித் தண்ணீர் வாங்குங்கள். கம்பியைக் கான்கிரீட்டின் வெளிமுகத்திலிருந்து தள்ளி நிறுத்தும் கவர் பிளாக் இரண்டு அங்குலத்துக்குக் குறைவாக வைக்காதீர்கள். இந்தக் காற்றில் கம்பி துரு பிடித்து ஊதி, கான்கிரீட்டை உள்ளிருந்து உடைத்துவிடும். இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு, கருங்கல்லே போதும் என்பது என் கட்சி.

சுவரை விடச் சுவருக்குப் பின்னால்தான் கவனம் வேண்டும். கட்டி முடித்ததும் லோடு லோடாக மண்ணைத் தள்ளிவிடக் கூடாது. முதலில் சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்கு முக்கால் ஜல்லி, அடியிலிருந்து ஏறக்குறைய உச்சி வரை. அதன் அடியில் நீளவாக்கில் நாலு அங்குல பிவிசி பைப், ஓட்டை போட்டு, லேசான வாட்டத்தோடு. ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவில் ஜியோ டெக்ஸ்டைல் துணி. பழைய புடவை, சாக்கு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், இரண்டு வருடத்தில் மக்கிவிடும். சுவரில் ஐந்தடிக்கு ஒன்றாக மூன்று அங்குல வீப் ஹோல், தரைக்குச் சற்று மேலே, வெளிப்பக்கம் வாட்டம். மண்ணை அரையடி அரையடியாகப் போட்டுக் கெட்டிக்க வேண்டும். கட்டட இடிபாட்டை ரப்பிஷ் என்று மலிவாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள், வேண்டாம். களிமண்ணும் வேண்டாம், அது தண்ணீரைக் குடித்து ஊதும், காய்ந்து வெடிக்கும். செடிக்கு வேண்டிய செம்மண்ணும் எருவும் மேல் ஓரடிக்குப் போதும்.

"பைப்புல வர்ற தண்ணி எங்க போகும்? சந்துல விட்டா சண்டைக்கு வருவாங்களே" என்றார். தெருவில் வாழ்கிறவர் கேட்கிற கேள்வி. வீப் ஹோல் வழியாக வருவது சுவர்களுக்கு நடுவில் விட்ட அந்த ஓரடி இடத்தில் இறங்கும், அதில் சின்ன வாய்க்கால். பைப்பின் வாயை வீட்டு மழைநீர்க் குழியில் சேர்க்கலாம். எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003-இல் சட்டம் வந்தபோது அவர் வெட்டிய குழி, இப்போது மேலே பூந்தொட்டி வைத்திருக்கிறார். தூர் வாரினால் உயிர் வரும். மணல் பூமி, குடித்துவிடும்.

சுவருக்கு மேலே வைக்கிற பாரத்தையும் சுவர்தான் சுமக்கும். ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி என்றால் ஒரு டன், சுவரோரமாக வைக்காதீர்கள். தென்னை, வேம்பு இரண்டும் ஓரத்தில் ஆகாது. வாழையும் மல்லியும் பாதகமில்லை.

செலவைக் கூட்டிப் பார்த்து நண்பர் முகம் வாடியது. அவருக்காக ஒரு குறுக்கு வழி சொன்னேன். தள்ளும் பலம் உயரத்தின் வர்க்கமாக ஏறும், கவிழ்க்கும் சக்தி கனமாக ஏறும். உயரம் பாதியானால் கவிழ்க்கும் சக்தி எட்டில் ஒரு பங்குதான். மூன்றடிச் சுவர் ஒன்றுக்குப் பதில் ஒன்றரை அடிச் சுவர் இரண்டு, படிக்கட்டு மாதிரி. நடுவில் மூன்றடியாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் மேல் சுவர் கீழ்ச் சுவரின் முதுகில் ஏறி உட்காரும். ஒன்றரை அடிக்குக் கலவைகூட வேண்டாம். கடற்கரையில் கிடப்பது போலக் கருங்கல்லை வெறுமனே அடுக்கி, பின்னால் ஜல்லியும் துணியும் வைத்தால் போதும். சுவர் முழுக்க இடுக்கு, தனியாக வீப் ஹோல் எதற்கு? கீழ்ப்படியில் மல்லி, மேல்படியில் வாழை. தோட்டம் கொஞ்சம் சுருங்கும், பார்க்க அழகாக இருக்கும். நாலடிக்கு மேல் போகிறதென்றால் என்னிடம் டீ வாங்கிக் கொடுத்துக் கேட்காதீர்கள், பொறியாளரைக் கூப்பிட்டு வரைபடம் போடச் சொல்லுங்கள் என்றும் சொன்னேன்.

படிக்கட்டுத் தோட்டம் அவருக்குப் பிடித்துவிட்டது. சவுடு லோடை நிறுத்தச் சொல்லிப் போன் போட்டார். வேலையைத் தை பிறந்ததும் ஆரம்பிப்பதாக ஏற்பாடு. மழைக்காலத்தில் இந்தப் பக்கம் இரண்டடி தோண்டினாலே குழியில் ஊற்று வந்துவிடும்.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு தடுப்புச் சுவர் இருக்கலாம். மழை தொடங்குவதற்கு முன் ஒருநாள் காலையில் ஒரு நீளக் கம்பியை எடுத்துக்கொண்டு போய், அதில் இருக்கும் ஒவ்வொரு ஓட்டையையும் குத்திப் பாருங்கள். ஓட்டையே இல்லையென்றால் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.